காமாலையும் கீழாநெல்லியும்
மருந்தினால் வரும் ஈரல் நோய்க்கு மூலிகை காப்பாகுமா?

மலாக்கா நகரிலிருந்து மெர்லிமாவ் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள உம்பாய், வெளியூரார்க்குச் சுட்ட மீன் கடைகளால் அறிமுகமான ஊர். அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த ஜாசின் மாவட்டத் தோட்டங்களிலும் வாழும் நம் மக்களுள் கீழாநெல்லியை அறியாதவர் இலர். மழை பெய்த ஒரு வாரத்திற்குள் லயத்து வாசலிலும், வெட்டுக்காட்டுப் பாதையோரத்திலும், பிரட்டுக்களத்தின் ஓரங்களிலும் அது தானாகவே முளைத்து விடுகிறது. இலைக்காம்பின் அடிப்புறத்தில் சிறு நெல்லிக்காய்களைப் போன்ற மணிகள் வரிசையாகத் தொங்குவதால் நம் முன்னோர் அதற்குக் கீழாநெல்லி என்று பெயரிட்டனர். மலாய்க்காரர்கள் அதனை 'டுக்குங் அனாக்' என்பர். பிள்ளையைச் சுமத்தல் என்பது அதன் பொருள். இரு மொழியாரும் ஒரே காட்சியைக் கண்டு, தத்தம் வழியில் அழகாகப் பெயர் வைத்திருக்கின்றனர்.

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை வேரோடு பறித்து, கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பதும், உப்பையும் எண்ணெயையும் நீக்கிப் பத்தியம் காப்பதும் நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். இவ்வழக்கத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் அண்மைக் காலத்தில் இதனோடு புதியதொரு கேள்வியும் சேர்ந்து கொண்டுள்ளது. கிருமியினால் அல்லாது, நோய்க்கென உட்கொள்ளும் மருந்தினாலேயே காமாலை வந்தால் அப்பொழுதும் கீழாநெல்லி காக்குமா? மாத்திரை சாப்பிடத் தொடங்கும் நாளிலேயே மூலிகையையும் சேர்த்துக் குடித்து வந்தால் ஈரல் கெடாமல் இருக்குமா? இக்கேள்விக்குத் தவறான விடையைக் கொள்பவர் உயிரையே இழக்க நேரிடும் என்பதால் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

மருந்து எவ்வாறு நஞ்சாகிறது?

நாம் உட்கொள்ளும் மருந்துகளுள் பெரும்பாலானவை குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து முதலில் கல்லீரலுக்கே செல்கின்றன. கல்லீரல் அவற்றைப் பிரித்து, உடலிலிருந்து வெளியேறத்தக்க பொருள்களாக மாற்றுகிறது. இவ்வேலையின் நடுவே சில மருந்துகளிலிருந்து நச்சுப்பொருள் தோன்றுவதுண்டு.

தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் வாங்கும் பெனடோல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மருந்தின் பெயர் பாராசிட்டமால். அளவோடு உண்டால் அதில் மிகச் சிறு பகுதியே நஞ்சாகிறது. அந்நஞ்சைக் கல்லீரலில் இயல்பாகவே உள்ள குளூட்டாத்தயோன் என்னும் பொருள் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. அளவை மீறி உண்டால் குளூட்டாத்தயோன் தீர்ந்துபோகிறது. எஞ்சிய நஞ்சு ஈரலின் உயிரணுக்களைக் கொல்கிறது. தோட்டத்து வாய்க்கால் சாதாரண மழையைத் தாங்கிக்கொள்கிறது, பெருமழையில் கரை புரள்கிறது அல்லவா? அது போன்றதே இதுவும்.

வளர்ந்தவர் ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க பாராசிட்டமாலின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சம்சுவும் கள்ளும் பழகியவர்கள், உடல் மெலிந்தவர்கள், பட்டினி கிடப்பவர்கள் ஆகியோருக்கு அவ்வளவும் மிகையாகலாம். சளிக்கும் உடம்பு வலிக்கும் கடையில் வாங்கும் வேறு மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதை அறியாது, இரண்டையும் சேர்த்து விழுங்குவோர் உள்ளனர்.

இதில் ஏமாற்றம் தரும் செய்தி ஒன்றுண்டு. அளவுக்கு மீறி விழுங்கியவர் முதல் நாளில் சிறு குமட்டலைத் தவிர வேறு துன்பம் அறியார். இரண்டாம் மூன்றாம் நாளிலேயே ஈரலின் சேதம் வெளித்தெரியும். இதற்கு 1970களிலிருந்து நல்ல மாற்றுமருந்து உண்டு. அசெட்டில்சிஸ்டீன் என்னும் அம்மருந்து, தீர்ந்துபோன குளூட்டாத்தயோனை ஈரல் மீண்டும் ஆக்கிக்கொள்ள உதவுகிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் ஏறக்குறைய முழுக் காப்பும் கிடைக்கும். அந்த எட்டு மணி நேரத்தைக் கீழாநெல்லி தேடுவதிலும் அரைப்பதிலும் கழித்தல் எத்துணைப் பெரிய இழப்பு என்பதை வாசகர்களே உணர்வர்.

காசநோய் மாத்திரையும் காமாலையும்

நம் தோட்டத்தினர்க்கு இதனினும் நெருங்கியது காசநோய் மருந்தாகும். மலேசியாவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டறியப்பட்டது. அது மறைந்துபோன பழைய நோயன்று. சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட், எத்தாம்பியுட்டால் ஆகிய நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் முதலிரண்டு மருந்துகளும் கொடுக்கப்படுகின்றன. இந்நான்கனுள் எத்தாம்பியுட்டால் நீங்கலாக மற்ற மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை.

இம்மருந்துகள் மக்களுக்குச் செய்த நன்மையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஐசோனியாசிட் 1952இல் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம், சென்னையின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானட்டோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் அவ்வாறே நலம் பெற்றனர் என்பது 1959இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று காசநோயாளி தம் பிள்ளைகளோடு வீட்டிலிருந்தே மாத்திரை உண்ண முடிவதற்கு அத்தமிழ் நகரத்து ஆராய்ச்சியும் ஒரு காரணமாகும்.

மருந்தின் மறுபக்கம் பின்னரே தெளிவாயிற்று. 1970இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அரசாங்க ஊழியரிடையே காசநோய் பரவியபொழுது, 2,321 பேருக்குத் தற்காப்பாக ஐசோனியாசிட் கொடுக்கப்பட்டது. அவர்களுள் 19 பேருக்கு ஈரல் நோய் கண்டது; இருவர் மாண்டனர். நூற்றுக்கு ஒருவர் என்னும் இக்கணக்கு சிறிதாகத் தோன்றலாம். மூன்று மருந்துகள் ஒன்றுசேரும் சிகிச்சையில் இதனினும் மிகுதியானோர் பாதிக்கப்படுகின்றனர். வயது முதிர்ந்தோர், குடிப்பழக்கம் உள்ளோர், முன்பே ஈரல் அழற்சிக் கிருமியைத் தாங்கியிருப்போர் ஆகியோருக்கு அபாயம் அதிகம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்திற்குள் இது நேர்கிறது.

ஒரு தொழிலாளி காசநோய்க்கு மாத்திரை தொடங்கி ஐந்தாம் வாரத்தில் இருக்கிறார் எனக் கொள்வோம். சோறு பிடிக்கவில்லை, வாயில் கசப்பு, வெட்டுக்குப் போனால் பத்து மரத்திற்கு ஒருமுறை உட்காரச் சொல்கிறது உடம்பு. வீட்டார் கண்ணைப் பார்க்கின்றனர், மஞ்சள். அக்கம்பக்கத்தார் இருவகை யோசனை கூறுவர். முதல் யோசனை, மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே கீழாநெல்லியும் குடித்தல். இரண்டாவது, 'சூடு' என்று சொல்லி மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியத்திற்கு மாறுதல். முதல் வழியில், ஈரலைக் கெடுக்கும் பொருள் நாள்தோறும் உள்ளே சென்றுகொண்டே இருக்கும். இரண்டாம் வழியில் ஈரல் தேறக்கூடும். ஆனால் சிகிச்சை பாதியில் அறுந்த காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறி, அவரோடு ஒரே அறையில் உறங்கும் குழந்தைகளையும் பற்றலாம். இரண்டும் தீய வழிகளே.

மருத்துவர் செய்வது மூன்றாவது வழி. காமாலை கண்டவுடன் ஈரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்துவார். இரத்தச் சோதனையால் ஈரலின் நிலையைப் பார்ப்பார். அது தேறிய பிறகு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் தொடங்கி, குற்றவாளி எதுவென்று கண்டு அதனை மட்டும் விலக்குவார். சில வாரங்கள் பிடிக்கும் வேலைதான். எனினும் காசநோயும் தீரும், ஈரலும் பிழைக்கும்.

இங்கு ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கி விடுவோம். ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது இயல்பு. வியர்வையும் கண்ணீரும்கூட அந்நிறம் கொள்ளலாம். அதனைக் கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்துதல் கூடாது. கண்ணின் வெண்மை மஞ்சளாதல், சிறுநீர் கறுத்த தேநீர் போலாதல், இடைவிடாத வாந்தி, பசியின்மை, வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகியவையே அஞ்சத்தக்க குறிகள். இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். அடுத்த மருந்து நாள் வரட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

ஆராய்ச்சி என்ன கூறுகிறது?

கீழாநெல்லியின் புகழ் வெறும் கட்டுக்கதையா? அன்று. 1985இல் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் கீழாநெல்லி இனத்துச் செடியிலிருந்து ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்து, அவை சோதனைக் குழாயில் எலியின் ஈரல் உயிரணுக்களை நஞ்சிலிருந்து காப்பதைக் காட்டினர். பாராசிட்டமாலால் ஈரல் கெட்ட எலிகளிலும் இவ்வகைச் சாறுகள் நற்பயன் அளித்ததாகப் பல ஆய்வுகள் உள்ளன. நிலவேம்பும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. மலாயில் அதற்கு 'ஹெம்பெடு பூமி', அதாவது பூமியின் பித்தம் என்று பெயர்.

ஆனால் இத்தகைய எலிச் சோதனைகளுட் பலவற்றில் மூலிகைச் சாற்றை முதலில் கொடுத்து, அதன் பின்னரே நஞ்சைக் கொடுக்கின்றனர். இதன் பொருளைப் பால்மரம் வெட்டும் நம் அன்பர்கள் பிறரினும் நன்கு அறிவர். கோப்பையிலும் வாளியிலும் உள்ள பாலில் காலத்தே அமோனியா சேர்த்தால் பால் உறையாது. உறைந்து கட்டியான பிறகு எத்தனை போத்தல் அமோனியா ஊற்றினாலும் அது மீண்டும் பாலாகாது. கண் மஞ்சளித்த பிறகு குடிக்கும் சாறு, உறைந்த பாலில் ஊற்றும் அமோனியாவின் நிலையில்தான் இருக்கிறது. அன்றியும், எலிக்குக் கொடுக்கும் அளவை மனித எடைக்குக் கணக்கிட்டால் அது நாம் மோரில் கலக்கும் ஒரு கைப்பிடியோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை.

மனிதரிடம் நடந்த சோதனைகளுள் பெரும்புகழ் பெற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. அங்குத் தியாகராஜன் தலைமையிலான குழுவினர், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளும்பெர்க் என்பாருடன் சேர்ந்து, 1988இல் லேன்செட் என்னும் ஆங்கில மருத்துவ இதழில் ஆய்வொன்றை வெளியிட்டனர். அக்கிருமியைத் தாங்கியிருந்தோருள் 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. தமிழ் மக்கள் பெருமிதம் கொண்ட நாள் அது. பின்னர்ப் பிற நாடுகளில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அம்முடிவு கிட்டவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் ஒருங்கே எடைபோட்ட காக்ரேன் அமைப்பு, உறுதியான சான்று இல்லை என்றே கூறிற்று. அச்சோதனையும் கிருமியால் வந்த நோயைப் பற்றியது. மருந்தால் வந்த நோயைப் பற்றியதன்று.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் காமாலை தீர்ந்தவர்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோமே என்று கேட்கலாம். உண்மை. தோட்டங்களில் முன்பு மிகுதியாகக் கண்ட காமாலை, அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ ஆகும். அது சில வாரங்களில், மிஞ்சினால் இரண்டொரு மாதங்களில், பெரும்பாலோர்க்குத் தானாகவே நீங்கிவிடும். அவ்வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் அதற்கே புகழ் சேரும். மருந்தினால் வந்த காமாலை அத்தகையதன்று. காரணமான மருந்து உள்ளே சென்றுகொண்டிருக்கும் வரை அது நீங்கும் என்று நம்புவதற்கில்லை, முற்றவும் கூடும்.

சீந்திலின் இரு முகங்கள்

மாத்திரையோடு மூலிகையையும் சேர்த்துக் கொடுத்து நேரடியாகச் சோதித்த ஆய்வும் ஒன்றுண்டு. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் நடந்து 2008இல் வெளிவந்த அதில், காசநோய் மருந்து மட்டும் உண்ட 192 பேருள் 27 பேருக்கு ஈரல் பாதிக்கப்பட்டது. மருந்தோடு மஞ்சள் செறிவும் சீந்திற்கொடிச் சாறும் உண்ட 316 பேருள் இருவரே பாதிக்கப்பட்டனர். வியக்கத்தக்க வேறுபாடு. இத்தகைய ஆராய்ச்சி மேலும் பல இடங்களில் நடைபெற வேண்டும் என்றே நாமும் விரும்புகிறோம். ஆயினும் ஓர் ஆய்வு ஒரு சிகிச்சையாகிவிடாது. காசநோய்ச் சிகிச்சை நெறிகளில் இச்சாறு இன்றுவரை இடம்பெறவில்லை.

அதற்குப் பின் நடந்தது எண்ணத்தக்கது. கோவிட் பரவிய 2020இல், உடல் எதிர்ப்பாற்றல் பெருகும் என்று நம்பி இந்திய மக்கள் சீந்திலைக் காய்ச்சிக் குடித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் ஆறு பேர் காமாலையோடு மருத்துவரிடம் வந்தனர். சீந்திலே காரணம் என மருத்துவர்கள் 2021இல் எழுதினர். அடுத்த ஆண்டில் வேறு பல மருத்துவமனைகளிலிருந்தும் இத்தகைய செய்தி வந்தது. இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சு இதனை மறுத்து, சீந்திலைப் போன்ற தோற்றமுடைய வேறு கொடியை மக்கள் மாற்றிப் பறித்திருக்கலாம் என்றது. அவ்வாறு மாற்றிக் கொள்ளத்தக்கதெனச் சுட்டப்பட்ட கொடி எது தெரியுமா? நம் நாட்டுக் கம்பத்து வேலிகளில் படர்ந்திருக்கும் பத்தாவாலிதான். தண்டு முழுவதும் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். வாயில் வைக்க முடியாத கசப்பு. நீரிழிவுக்கென்று அதனைத் துண்டாக்கி விழுங்குவோர் நம் தோட்டங்களிலும் உள்ளனர். பத்தாவாலியால் ஈரல் கெட்டோர் பற்றிய மருத்துவக் குறிப்புகள் முன்பிருந்தே உண்டு.

மஞ்சளும் இதற்கு விலக்கன்று. குழம்பில் இடும் மஞ்சளால் அச்சமில்லை. ஆனால் செறிவாக்கிக் குளிகையாக விற்கப்படும் மஞ்சளால் ஈரல் நோயுற்ற பத்துப் பேரைப் பற்றி அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2022இல் எழுதியுள்ளனர். ஈரலுக்குக் காப்பு என்று ஓரிடத்தில் கொடுக்கப்பட்ட இரு பொருள்களும் மற்றோரிடத்தில் ஈரல் நோய்க்குக் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. அளவு, செய்முறை, உண்பவரின் உடல்நிலை ஆகியவை மாறும்பொழுது பயனும் மாறுகிறது. ஏற்கெனவே மூன்று மருந்துகளால் சுமையேறி நிற்கும் ஈரலின்மேல் நான்காவதாக ஒன்றை ஏற்றும்பொழுது, காமாலை கண்டால் எது செய்த வேலை என்று மருத்துவராலும் பிரித்தறிய இயலாது. ஒருவேளை உயிர் காக்கும் காசநோய் மருந்தே வீணாகப் பழிசுமந்து நிறுத்தப்படவும் கூடும்.

பறிக்கும் இடமும் வாங்கும் போத்தலும்

ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் புல்லுக்கு 'மருந்து' அடிப்பது வழக்கம். கொல்லும் பொருளுக்கும் நம்மவர் மருந்தென்றே பெயர் வைத்துவிட்டனர்! கொடிய பராகுவாட் 2020 சனவரி முதல் நாள் தொட்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. நிரையிலும் சாலையோரத்திலும் தழைத்து நிற்கும் கீழாநெல்லி, நேற்று மருந்து தெளிக்கப்பட்டதாக இருக்கலாம். தெளித்த முதல் நாளிலேயே செடி வாடிவிடுவதில்லை. ஆகவே தோட்டத்து நிலத்தில் முளைத்த எதனையும் பறித்து அரைத்துக் குடித்தல் தகாது.

சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்கப்படும் பெயரறியா மூலிகைப் பொடிகளும் குளிகைகளும் பிறிதொரு கேடு. பதிவு செய்யப்படாத இத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்துள்ளது. 1992 முதல் நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளும் பதிவு செய்யப்படுகின்றன. பெட்டியின்மேல் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும், எட்டு இலக்க எண்ணும், பாரம்பரிய மருந்தாயின் அதனை அடுத்து டி என்னும் எழுத்தும் இருத்தல் வேண்டும். அப்பதிவு, பொருள் கலப்படமற்றது, தரமுள்ளது என்பதற்கே சான்று. காசநோய் மாத்திரையோடு சேர்த்து உண்ணலாம் என்பதற்கு அன்று.

மூலிகை குடித்திருப்போர் அதனைக் கிளினிக்கில் சொல்ல நாணுகின்றனர். டாக்டர் கோபிப்பார் என்ற அச்சம் ஒரு காரணம். 'இது மருந்தில்லையே, இலைதானே' என்ற எண்ணம் மற்றொன்று. கேட்காவிட்டாலும் தாமே சொல்லுதல் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் செடியை வேரும் இலையும் காயுமாகவோ, போத்தலையும் அதன் தாளையும் மிச்சமுள்ள பொடியோடுமோ எடுத்துச் செல்லலாம். எவ்வளவு, எத்தனை நாள் குடித்தார், மாத்திரையைக் கடைசியாக எப்பொழுது விழுங்கினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நன்று. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம், இத்தகைய செடிகளையும் மருந்துகளையும் பற்றி மருத்துவர்களுக்குத் தொலைபேசி வழியாகவே விளக்கம் அளித்து வருகிறது. உம்பாயில் பறித்த ஒரு கொடியின் பெயரும் குணமும் அறியப்பட்டால், சிகிச்சையை எவ்வாறு நடத்துவது என்பதை ஜாசினிலோ மலாக்காவிலோ உள்ள மருத்துவர் அன்றே முடிவு செய்ய இயலும்.